டீசலே பம்புக்கு எண்ணெய்

ஆம்பூரிலிருந்து ஏலகிரிக்குச் சுற்றுலா வேன் ஓட்டும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். அவருடைய அக்கா மகன் டெக்சாஸில் பெரிய டீசல் பிக்கப் வண்டி வைத்திருக்கிறான். ஓடிக்கொண்டிருக்கும்போதே என்ஜின் நின்றுவிடக்கூடும், வண்டியைக் கொண்டுவந்தால் இலவசமாகப் பம்பை மாற்றித் தருகிறோம் என்று சில வருடங்களுக்கு முன் அவனுக்குக் கடிதம் வந்ததாம். "பெட்ரோல் வண்டியென்றால் பிளக் கெட்டது, காயில் போனது என்று சொல்லலாம். டீசலில் பிளக்கே கிடையாதே ஐயா. எனக்குத் தெரிந்து டீசல் என்ஜினை நிறுத்துவதுதான் சிரமம். அது தானாக எப்படி நிற்கும்?"

கேள்வியிலேயே பாதி விடை இருக்கிறது. பழைய லாரிகளில் சாவியைத் திருப்பினால் மட்டும் என்ஜின் நிற்காது. டேஷ்போர்டுக்குக் கீழே ஒரு குமிழைப் பிடித்து இழுக்க வேண்டும். அதன் கம்பி நேரே பம்புக்குப் போய் டீசலை அடைக்கும். காற்றை அழுத்தினால் சூடாகும், அந்தச் சூட்டில் டீசலைப் பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்ளும். இது பள்ளியில் படித்த சங்கதி. ஆக, டீசல் வரத்து நின்றால் என்ஜினும் நிற்கும். கடிதத்தின் கதையும் அதுதான். 2021 நவம்பரில் அமெரிக்காவில் 2019, 2020 மாடல் ராம் பிக்கப் வண்டிகளில் 6.7 லிட்டர் கம்மின்ஸ் என்ஜின் பொருத்தியவை, சுமார் 2.22 லட்சம், திரும்ப அழைக்கப்பட்டன. என்ஜினின் மேல் குற்றமில்லை. அதற்கு டீசல் ஊட்டும் உயர் அழுத்தப் பம்ப் உள்ளுக்குள் தேய்ந்து உடையக்கூடும் என்பதே குறை.

இந்தப் பம்ப் செய்யும் வேலையைக் கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள். இன்றைய காமன் ரெயில் என்ஜின்களில், அதாவது எல்லா சிலிண்டருக்கும் 'ரெயில்' என்ற ஒரே பொதுக் குழாயிலிருந்து டீசல் போகும் என்ஜின்களில், டீசல் 2000 பார் அளவுக்கு அழுத்தப்படுகிறது. கட்டைவிரல் நகத்தளவு இடத்தில் இரண்டு டன் எடையை ஏற்றி வைத்தது போல. கடலிலேயே மிக ஆழமான மரியானா அகழியின் அடித்தளத்தில் இருக்கும் அழுத்தம் இதில் ஏறக்குறைய பாதிதான். பம்புக்குள் ஒரு கேம் ஷாஃப்ட், அதாவது மேடு வைத்த தண்டு, சுழல்கிறது. அதன் மேட்டில் ஒரு சிறிய எஃகு ரோலர் உருண்டு ஏறும்போது பிஸ்டன் மேலே தள்ளப்பட்டு டீசல் நசுங்குகிறது. பழைய லாரிப் பம்புகளில் இந்தக் கேம் என்ஜின் ஆயிலில் குளித்துக்கொண்டிருந்தது. புதியவற்றில் தனி ஆயில் கிடையாது. பம்ப் எதை அழுத்துகிறதோ, அந்த டீசலே அதற்கு மசகெண்ணெய்.

வேலூரில் டீசல் பம்ப் பழுதுபார்க்கும் கடை ஒன்றில், வேறொரு வண்டியிலிருந்து வந்த இப்படிப்பட்ட பம்பைப் பிரித்துப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. உள்ளே இருந்த டீசலை மெக்கானிக் ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டில் ஊற்றி டியூப்லைட்டுக்கு அடியில் சாய்த்தார். ஜிகினாத் தூள் போல மினுமினுத்தது. பாலிதீன் சுற்றிய காந்தத்தை அதில் துழாவினார். கொஞ்சம் ஒட்டியது, கொஞ்சம் ஒட்டவில்லை. ஒட்டியது எஃகு, ஒட்டாதது பம்பின் அலுமினிய உடல். "பம்ப் மட்டும் போனால் பரவாயில்லை சார். இந்தத் தூள் ரெயில், டீசல் பீய்ச்சும் நாசில், டேங்க் எல்லா இடத்துக்கும் போயிருக்கும்" என்றார். ரோலரை நகத்தால் சுரண்டிக் காட்டினார். உருள வேண்டியது உருளாமல் இழுபட்டதன் அடையாளமாக, ஒரு பக்கம் மட்டும் தட்டையாகியிருந்தது.

உருளாமல் போனது ஏன்? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான், அவசரப்படாமல் சொல்கிறேன்.

உலோகப் பரப்பு எவ்வளவு பளபளத்தாலும் நுண்ணோக்கியில் பார்த்தால் ஜவ்வாது மலை போல மேடும் பள்ளமுமாக இருக்கும். ஒரு மலைத்தொடரின் மேல் இன்னொன்றைக் கவிழ்த்து நகர்த்தினால் முகடுகள் மோதி உடையும். இடையில் எண்ணெய்ப் படலம் கெட்டியாக இருந்தால் மோதாது. ஆனால் இவ்வளவு அழுத்தத்தில் அந்தப் படலம் பிதுங்கி ஓடிவிடுகிறது. அப்போது காப்பாற்றுவது, டீசலில் துளியூண்டு கலந்திருக்கும் சில மூலக்கூறுகள். அவற்றின் ஒரு முனையில் ஆக்சிஜனோ நைட்ரஜனோ இருக்கும். அந்த முனை உலோகத்தைக் கெட்டியாகப் பற்றிக்கொள்ளும். மறுமுனை நீண்ட கார்பன் வால். வேர் சேற்றில், தாள் மேலே என்று நடவு நட்ட வயலைப் போல இவை உலோகத்தின்மேல் நெருக்கமாக எழுந்து நிற்கின்றன. நாற்றின் உயரம் இரண்டு நானோமீட்டர் இருந்தால் அதிகம். இரண்டு டன் அழுத்தத்துக்கும் எஃகுக்கும் நடுவில் நிற்பது அவ்வளவுதான்!

கச்சா எண்ணெயிலிருந்து வரும் டீசலில் இந்த நாற்றுகள் இயல்பாகவே இருந்தன. புகையைக் குறைக்கக் கந்தகத்தை எடுக்கத் தொடங்கினோம். கோபால்ட், மாலிப்டினம் வினையூக்கியின்மேல் 300 முதல் 400 டிகிரிச் சூட்டில் ஹைட்ரஜனைச் செலுத்தினால் கந்தகம் கழன்றுவிடும். கூடவே இந்த நல்ல மூலக்கூறுகளும் அடித்துச் செல்லப்படுகின்றன. கந்தகம்தான் வழுக்கலைத் தந்தது என்று பலர் நினைக்கிறார்கள்; பாவம், அது உடன் போன பயணி. 1990களின் தொடக்கத்தில் ஸ்வீடன் கந்தகமற்ற டீசலை விற்றபோது பம்புகள் வரிசையாகத் தேய்ந்தன. அதன் பிறகுதான் விழித்துக்கொண்டு, சுத்திகரித்த டீசலில் செயற்கை நாற்றைத் திரும்ப நடத் தொடங்கினார்கள்.

நட்டது போதுமா என்று பார்க்க அழகான சோதனை ஒன்று உண்டு. 6 மில்லிமீட்டர் எஃகுக் குண்டு ஒன்றை 200 கிராம் எடையுடன் ஓர் எஃகு வட்டின்மேல் வைத்து, 60 டிகிரி டீசலுக்குள் நொடிக்கு 50 முறை வீதம் 75 நிமிடம் தேய்ப்பார்கள். கணக்குப் போட்டால் 2.25 லட்சம் தேய்ப்பு. பிறகு குண்டில் விழுந்த தழும்பை அளப்பார்கள். ஐரோப்பாவிலும் நம் நாட்டிலும் தழும்பு 460 மைக்ரானை (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தாண்டக் கூடாது. அமெரிக்காவில் 520 வரை விட்டுவிடுகிறார்கள். பம்ப் தேய்ந்தது என்று அங்கே வண்டிக்காரர்கள் போட்ட வழக்குகளுக்குத் தீனி போட்டது இந்த 60 மைக்ரான் வித்தியாசம். நம்மிடம் 2020 ஏப்ரல் முதல் பிஎஸ் 6 டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குதான். பெட்ரோல் பங்கில் போடும் டீசலில் நாற்று இருக்கிறது. மண்ணெண்ணெய் கலந்ததிலும் தண்ணீர் சேர்ந்ததிலும் அதை எதிர்பார்க்காதீர்கள்.

தேய்மானத்தை ஆராயும் இந்தத் துறைக்கு 1966இல் பிரிட்டனில் பொறியாளர் பீட்டர் ஜோஸ்ட் அறிக்கை எழுதித்தான் ஒரு பெயரே கிடைத்தது: டிரைபாலஜி, நம் தமிழில் உராய்வியல். ராக்கெட்டுக்குக் கைதட்டும் நாம் தேய்மானத்தை ஆராய்பவருக்குப் பணம் ஒதுக்கத் தயங்குகிறோம் என்பது என் நெடுநாள் மனக்குறை. வண்டிக்கு முன்னால் கட்டும் எலுமிச்சம்பழத்துக்கும் பச்சை மிளகாய்க்கும் வாரந்தோறும் காசு செலவழிக்கிறோம். டீசல் ஃபில்டரில் தேங்கிய தண்ணீரைத் திறந்துவிடுவதற்குக் காசே வேண்டாம், ஆனாலும் செய்வதில்லை.

பழத்தைவிடக் கடலை எண்ணெய் உண்மையிலேயே உதவும். கடலை விளைவிக்கும் பழைய வடாற்காட்டுக்காரர்கள் இதற்குக் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம். 1900 பாரிஸ் கண்காட்சியில் ஒரு சிறு டீசல் என்ஜின் கடலை எண்ணெயில்தான் ஓடியது. வித்தியாசம் வெகு சிலருக்கே தெரிந்தது என்று அந்த என்ஜினைக் கண்டுபிடித்த ருடால்ஃப் டீசலே பின்னாளில் எழுதினார். தாவர எண்ணெயை மெத்தனாலுடன் வினைபுரியவைத்துக் கிடைக்கும் பயோடீசலை ஒன்றிரண்டு சதவீதம் கலந்தாலே தழும்பு நன்றாகச் சிறுத்துவிடும். அதற்காகச் செக்கில் ஆட்டியதை அப்படியே டேங்கில் ஊற்றிவிடாதீர்கள், நாசில் பிசின் பிடித்துப் போகும்.

இனி ஏலகிரி. பேகன் வளைவில் தொடங்கிப் பாவேந்தர் வளைவு வரை பதினான்கு கொண்டை ஊசிகள் இறங்கும்போது என்ஜின் அணைந்தால்? பிரேக்குக்கு உதவும் வெற்றிடத்தைப் பெட்ரோல் என்ஜின் தன் உறிஞ்சுகுழாயிலேயே உண்டாக்கும். டீசலுக்கு அதற்கென்று தனிப் பம்ப், என்ஜின் சுழன்றால்தான் அதுவும் சுழலும். ஆனால் வண்டி கியரில் இருக்கும்வரை, டீசல் நின்றாலும் சக்கரங்கள் என்ஜினைச் சுழற்றிக்கொண்டே இருக்கும். கிளட்சை மிதித்தாலோ நியூட்ரலுக்குத் தள்ளினாலோ அந்த உதவியை நீங்களே வெட்டிவிடுகிறீர்கள். ஆகவே கியரிலேயே வைத்து, பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தாக அழுத்தி ஓரம் கட்டுங்கள். சாவியை முழுக்கத் திருப்பி எடுத்துவிடாதீர்கள், ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும். டீசல் மிச்சமாகும் என்று இறக்கத்தில் நியூட்ரலில் விடும் பழக்கம் உங்களுக்கு இருந்தால், அதை இன்றே விட்டுவிடுங்கள்.

உங்கள் வண்டிக்கும் அப்படி ஓர் அழைப்பு உண்டா என்றும் கேட்டிருந்தீர்கள். குறையுள்ள வண்டிகளைத் திரும்ப அழைக்கச் சொல்லும் அதிகாரத்தை 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் நம் அரசுக்கும் கொடுத்திருக்கிறது. ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் சேசிஸ் எண்ணைத் தயாரிப்பாளரின் சர்வீஸ் சென்டரில் கொடுத்துக் கேளுங்கள், உடனே பார்த்துச் சொல்லிவிடுவார்கள்.