பளிச்சென்று ஆக்கப்போய் ஜரிகை போகிறது

கல்யாண சீசன் வந்தால் ஈரோடு, கோபி, பெருந்துறைப் பக்கத்து ஸ்டுடியோக்களிலிருந்து எங்களிடம் ஆல்பம் வேலைக்கு ஃபைல்கள் வரும். பெரும்பாலானவற்றில் ஒரே கோளாறு. போட்டோஷாப்பில் மொத்தப் படத்தையும் டூப்ளிகேட் செய்து, மேல் லேயரை (மேலடுக்கை) வெளிச்சத்தைக் கூட்டும் ஸ்கிரீன் மோடில் போட்டு, முகம் பளிச்சென்று வந்துவிட்டது என்று அனுப்பிவிடுகிறார்கள். இணைச்சீர் என்ற கொங்குக் கல்யாணச் சடங்குப் படத்தில் மாப்பிள்ளையின் அக்கா முகம் சுண்ணாம்பு பூசியது போல இருக்கும். கூறைப்புடவையின் ஜரிகை வெறும் வெள்ளைக் கோடாகியிருக்கும்.

பிளெண்டிங் மோட் என்பது மேல் லேயருக்கும் கீழ் லேயருக்கும் நடக்கிற கணக்கு. கருப்பு 0, வெள்ளை 255. ஸ்கிரீன் மோடில் 128 இருக்கிற நடுச்சாம்பல் தன்னோடே சேர்ந்தால் 192 ஆகிவிடும். முகம் வெளுப்பது இப்படித்தான். ஜரிகையைப் பாருங்கள்: நெசவின் மேடு 240, பள்ளம் 220 என்று இருந்தால், ஸ்கிரீனுக்குப் பிறகு 254, 250. இருபது இருந்த வித்தியாசம் நாலாகச் சுருங்கிவிட்டது. பிரிண்டில் அந்த நாலு கண்ணுக்கே தெரியாது.

முகத்துக்கு வெளிச்சம் போதவில்லையென்றால் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் கர்வ்ஸ் அட்ஜஸ்ட்மென்ட் லேயர் போட்டு, மோடை லூமினாசிட்டிக்கு மாற்றுங்கள். அந்த லேயர் எங்கே தெரியவேண்டும் என்று தீர்மானிக்கும் மாஸ்க்கைக் கருப்பாக்கி மறைத்துவிட்டு, ஒப்பாசிட்டி (அழுத்தம்) குறைந்த வெள்ளை பிரஷ்ஷால் நிழல் விழுந்த இடத்தை மட்டும் தடவுங்கள். லூமினாசிட்டி வெளிச்சத்தை மட்டும்தான் மாற்றும். தோலின் நிறச்சாயல் அப்படியே நிற்கும்.

“கொஞ்சம் வெள்ளையாப் போட்டுக் குடுங்க” என்று வீட்டார் கேட்பது உண்மைதான். நான் இரண்டு மாதிரி பிரிண்ட் போட்டுப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுவேன். வெயிலில் காடு தோட்டம் பார்த்த முகத்துக்கு அதற்கே உரிய ஒரு களை உண்டு, அதை அழிக்க நமக்கு உரிமை இல்லை என்பது என் உறுதியான எண்ணம். நேரில் பார்த்தால் அவர்களும் பெரும்பாலும் இயல்பான படத்தைத்தான் எடுக்கிறார்கள்.

திருப்பூர் டீ-ஷர்ட் மாக்கப் (டிசைன் சட்டையில் எப்படி இருக்கும் என்று காட்டும் படம்) வேலைக்கு, இரண்டு லேயரையும் பெருக்கும் மல்டிப்ளை நல்ல கருவி. வெள்ளைச் சட்டைமேல் டிசைனை வைத்து மல்டிப்ளை கொடுத்தால் டிசைனின் வெள்ளைப் பின்னணி மறைந்துவிடும், துணியின் சுருக்கமும் டிசைனுக்குள் தெரியும். அதே டிசைன் கருப்புச் சட்டைமேல் காணாமல் போகும். எதைக் கருப்போடு பெருக்கினாலும் கருப்புதான். அங்கே டிசைனை நார்மலில் விட்டு, சட்டையின் மடிப்பு வெளிச்சத்தைத் தனி லேயராக எடுத்து, மேலே ஸ்கிரீனில் வையுங்கள். ஸ்கிரீனுக்கு அதுதான் சரியான இடம்.

ஓவர்லேயில் கொஞ்சம் நிதானம் வேண்டும். கீழ் லேயர் இருட்டான இடத்தில் மல்டிப்ளை போலவும், வெளிச்சமான இடத்தில் ஸ்கிரீன் போலவும் அது நடந்துகொள்ளும். பவானி ஜமக்காளத்தின் பட்டைகள் ஏற்கெனவே அழுத்தமான நிறம். ஆன்லைன் கடைக்காக அதன்மேல் ஓவர்லே ஏற்றினால் சிவப்பு எரிய ஆரம்பித்துவிடும். பார்சலைப் பிரித்தவர் நிறம் வேறாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பினால், நட்டம் நெய்தவருக்கும் விற்றவருக்கும். நிறம் சரியாக இருக்கவேண்டிய படத்தில் ஓவர்லேயைவிட மென்மையான சாஃப்ட் லைட்டைக்கூட முழு ஒப்பாசிட்டியில் விடாதீர்கள்.

போட்டோஷாப்பில் 27 மோட்கள் இருக்கின்றன. ஷிஃப்டையும் பிளஸ்ஸையும் தட்டித் தட்டி, அழகாகத் தெரிவதில் நிறுத்துவது பலரின் பழக்கம். ஆல்பம் வேலைக்கு ஐந்தாறு மோட் போதும், அவற்றின் கணக்கு தெரிந்திருந்தால்.

அப்புறம், பிரஸ்ஸுக்கு சிஎம்ஒய்கே (அச்சு மையின் நாலு நிறக் கணக்கு) கேட்டால் லேயர்களோடு மாற்றாதீர்கள். ஆர்ஜிபியில் (திரையின் சிவப்பு, பச்சை, நீலக் கணக்கில்) போட்ட அதே மோட் மை அளவுகளில் வேறு விடை தரும், நிழல்கள் மாறிவிடும். லேயர்களோடு இருக்கும் பிஎஸ்டி ஃபைலைப் பத்திரமாக வைத்துவிட்டு, ஒரு காப்பியை ஃபிளாட்டன் செய்து (லேயர்களை ஒன்றாக்கி) அதை மாற்றி அனுப்புங்கள்.