மரகதக் குளவியின் கொடுக்கும் கரப்பானின் உதையும்

பிறர் மனத்தைக் கைப்பற்றி ஒரு கோளையே அடிமையாக்கத் துடிக்கும் வில்லனையும், அவனைத் தன் அபூர்வ சக்தியால் எதிர்த்து நிற்கும் இளம் வீரனையும் காமிக்ஸ் படிக்கும் பிள்ளைகள் நன்கு அறிவார்கள். அந்த வில்லனுக்கு நிகரான ஓர் உயிர் தெற்காசியா, ஆப்பிரிக்கா, பசிபிக் தீவுகள் ஆகிய இடங்களில் உண்மையிலேயே பறந்து திரிகிறது. ஏறத்தாழ 2 செ.மீ. நீளமும், பச்சையும் நீலமுமாக மின்னும் உடலும், சிவந்த தொடைகளும் கொண்ட மரகதக் குளவிதான் அது. தன்னைவிடப் பெரிதான அமெரிக்கக் கரப்பான் பூச்சியையே அது வேட்டையாடுகிறது.

குளவி இரண்டு முறை கொட்டுகிறது. முதல் கொட்டு, முன்னங்கால்களை இயக்கும் மார்பு நரம்புமுடிச்சில் இறங்குகிறது. அந்த நஞ்சிலுள்ள காபா என்னும் நரம்பு வேதிப்பொருள் முதலியவை நரம்புச் செல்களை அடக்கிவிடுவதால், சில நிமிடங்களுக்குக் கரப்பானால் முன்னங்கால்களைத் தூக்க முடிவதில்லை. அந்தச் சில நிமிடங்களே குளவிக்குப் போதும். கழுத்தின் மெல்லிய தோல் வழியாகக் கொடுக்கைச் செலுத்தி, தலைக்குள் துழாவி, மூளையிலேயே இரண்டாம் முறை கொட்டுகிறது. இஸ்ரேலின் பென் குரியன் பல்கலைக்கழகத்தில் பிரெடெரிக் லிபர்சாட்டின் குழுவினர், குளவியின் உடலில் கதிரியக்கத் தடயப் பொருளைச் செலுத்தி, அதன் நஞ்சு கரப்பானின் மூளைக்குள் சேர்வதை 2003-இல் உறுதிப்படுத்தினார்கள். மூளை அகற்றப்பட்ட தலைக்குள் குளவி வெகுநேரம் துழாவிக்கொண்டே இருந்ததையும் அவர்கள் பிற்பாடு கண்டார்கள். கொடுக்கின் நுனியிலுள்ள உணர்வுறுப்புகள் மூளையைத் தொட்டு அறிகின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இதற்குப் பின் நடப்பதுதான் என்னை மிகவும் வியக்க வைக்கிறது. கரப்பான் செயலிழந்து விழுவதில்லை. முதலில் ஏறத்தாழ அரை மணி நேரம் தன் உடலை ஓயாமல் சுத்தம் செய்துகொள்கிறது. பிறகு அசையாமல் நிற்கிறது. புரட்டிப் போட்டால் நிமிர்ந்துகொள்கிறது. நீரில் விட்டால் நீந்தவும் தொடங்குகிறது, ஆனால் விரைவிலேயே நிறுத்திவிடுகிறது. ஆகவே கால்களுக்கோ தசைகளுக்கோ எந்தக் கேடும் இல்லை. தானாக நடக்கத் தொடங்கும் உந்துதல் மட்டுமே அடங்கிப்போயிருக்கிறது. பூச்சிகளை விழிப்புடன் வைத்திருக்கும் ஆக்டோபமைன் என்னும் நரம்பு வேதிப்பொருளைப் போலச் செயல்படும் மருந்தைச் செலுத்தியபோது, நடை ஓரளவு திரும்பியது என்பதும் இதையே காட்டுகிறது.

குளவி, கரப்பானின் உணர்கொம்புகளைப் பாதியில் வெட்டி, கசியும் நீரைக் குடிக்கிறது. பின்னர் எஞ்சிய கொம்பைக் கவ்வி இழுக்க, கயிற்றில் கட்டிய மாடு போலக் கரப்பான் தன் சொந்தக் கால்களாலேயே குளவியின் பொந்துக்குள் நடந்து செல்கிறது. அதன் நடுக்காலின் அடியில் ஒரு முட்டையை ஒட்டிவிட்டு, வாயிலைக் கற்களால் அடைத்துவிட்டுக் குளவி பறந்துவிடுகிறது. முட்டையிலிருந்து வரும் புழு, உயிரோடிருக்கும் கரப்பானைத் தின்று வளர்ந்து, சில வாரங்களில் குளவியாக வெளிவருகிறது. ‘கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும்’ என்று நம்மவர்கள் சொன்னதும் இத்தகைய காட்சியொன்றைக் கண்டுதான் இருக்க வேண்டும். வேறு வகைக் குளவி கட்டும் மண்கூட்டுக்குள் புழு போனதையும் குளவி வெளியே வந்ததையும் அவர்கள் சரியாகவே கவனித்திருந்தார்கள். உள்ளே போன புழு இரையாகிவிட்டது என்பது மட்டும் கண்ணுக்குத் தெரியவில்லை.

கரப்பானுக்கும் தற்காப்பு உண்டு. அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கென்னத் கட்டானியா இந்தச் சண்டைகளைப் படம்பிடித்து, 2018-இல் விரிவாக எழுதினார். விழிப்பான கரப்பான், கால்களை ஊன்றி உடலை உயர்த்தி, கழுத்தைக் குளவிக்கு எட்டாமல் வைத்துக்கொள்கிறது. நெருங்கும் குளவியின் தலையை முள் நிறைந்த பின்னங்காலால் ஓங்கி, பலமுறை உதைக்கிறது. குளவி பற்றிக்கொண்டாலும், கொடுக்கைக் கால்களால் தட்டிவிடுகிறது, காலை விறைப்பாக நீட்டித் தள்ளிப் பிடிக்கிறது, முட்களால் குத்துகிறது. தொடக்கத்திலேயே மூர்க்கமாக எதிர்த்தவையே அதிகம் தப்பின. மூளையில் கொட்டும் தறுவாயில் குளவியின் வயிற்றைக் கடித்துப் போராடியவையும் உண்டு. ஆனால் கதைகளில் வரும் இளம் வீரனின் வெற்றி இங்கே கிட்டுவதில்லை: இன்னும் முழு வளர்ச்சி அடையாத இளம் கரப்பான்கள் கிட்டத்தட்ட எப்போதும் குளவியிடம் தோற்றுப்போகின்றன.