கியர், கிளட்ச், பல்லிணை: ஸ்போர்ட்ஸ் காரில் மேனுவல் என்பது எது?

தமிழில் கார்களைப் பற்றி எழுதும் இடங்களில் "6-வேக கையேடு பரிமாற்றம்" என்ற தொடரைப் பல முறை பார்த்துவிட்டேன். பார்க்கும் போதெல்லாம் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. கையேடு என்பது படிக்கிற புத்தகம்: மாணவர் கையேடு, வழிகாட்டிக் கையேடு. பரிமாற்றம் என்பது கொடுத்து வாங்குவது: பணப் பரிமாற்றம், கருத்துப் பரிமாற்றம். இரண்டையும் சேர்த்து எழுதினால் அதற்கும் காருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லாமல் போகிறது.

மேனுவல் என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் இருப்பதால் வந்த பிழை இது. லத்தீனில் 'மனுஸ்' என்றால் கை. கைக்கு அடக்கமான நூலும் மேனுவல், கையால் செய்யும் வேலையும் மேனுவல். முதல் பொருளுக்குக் கை + ஏடு என்று நம்மவர்கள் அமைத்த சொல் மிக அழகானது. அந்த நல்ல சொல்லைத்தான் கொண்டுபோய்ப் பொருந்தாத இடத்தில் வைத்துவிட்டார்கள். கையால் செய்வதற்குத் தமிழில் 'கைமுறை' இருக்கிறது. மேனுவல் கியரைக் கைமுறைக் கியர் என்றாலே போதும்.

சரி, கியர் என்றால் என்ன?

இந்த ஆங்கிலச் சொல் பழைய நோர்ஸ் மொழியிலிருந்து வந்தது. அங்கே 'கெர்வி' என்றால் உடை, உடைமை, ஒரு வேலைக்குத் தேவையான சாமான். இன்றும் ஆங்கிலத்தில் மீன்பிடிச் சாமானையும் மலையேறும் சாமானையும் கியர் என்றே சொல்கிறார்கள். பல் வைத்த சக்கரம் என்ற பொருள் பிறகுதான் ஒட்டிக்கொண்டது. ஆக, சொல்லின் வேரில் பல்லும் இல்லை, சக்கரமும் இல்லை.

தமிழில் இதற்கு இரண்டு சொற்கள் உண்டு: பற்சக்கரம், பல்லிணை. இலங்கையில் சக்கரத்தைச் சில்லு என்பதால் பற்சில்லு என்றும் சொல்வார்கள். சீப்புக்குப் பல் உண்டு, ரம்பத்துக்குப் பல் உண்டு, பூண்டுக்கும் பல் உண்டு. சக்கரத்தின் விளிம்பில் வரிசையாக நீட்டிக்கொண்டிருப்பதையும் பல் என்றது இயல்பான தமிழ்தான்.

பற்சக்கரமும் பல்லிணையும் ஒன்றே என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன். ஒரு கியர்ப் பெட்டியின் வெட்டுப்படத்தைப் பார்த்தபோதுதான் வேறுபாடு புரிந்தது. மூன்றாம் கியர் என்று நாம் சொல்வது ஒரு தனிச் சக்கரத்தை அல்ல. எஞ்சின் பக்கத்துத் தண்டில் ஒரு பற்சக்கரம், வெளியே போகும் தண்டில் இன்னொரு பற்சக்கரம், இரண்டும் பல்லோடு பல் கோத்து நிற்கின்றன. அந்த ஜோடிதான் மூன்றாம் கியர். சிறிய சக்கரம் பெரிய சக்கரத்தைச் சுழற்றினால் வேகம் குறையும், முறுக்குவிசை, அதாவது சுழற்றும் வலு, கூடும். அதனால்தான் நின்ற வண்டியை முதல் கியரில் கிளப்புகிறோம். ஜோடியின் அளவு வேறுபாடு குறையக் குறைய முறுக்குவிசை குறைந்து வேகம் ஏறும். எனவே தனிச் சக்கரத்துக்குப் பற்சக்கரம், கோத்து நிற்கும் ஜோடிக்குப் பல்லிணை. 'மூன்றாம் பற்சக்கரத்தில் ஓட்டினான்' என்று எழுதினால் தவறு. 'மூன்றாம் பல்லிணையில் ஓட்டினான்' என்பது சரி. ஆங்கிலம் ஒரே சொல்லால் சமாளிக்கும் இடத்தில் தமிழ் இரண்டைப் பிரித்துக் காட்டுகிறது. இந்த வசதியை நாம் விட்டுவிடக் கூடாது.

டிரான்ஸ்மிஷன் என்பதன் வேர் 'கடந்து அனுப்புதல்'. எஞ்சினின் திறனைச் சக்கரம் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கும் முழு ஏற்பாட்டுக்கும் அது பெயர். திறன் கடத்தல், ஊடுகடத்தல் என்ற சொற்கள் அதற்குப் பொருந்தும். பெட்டியை மட்டும் சொல்ல வேண்டுமானால் பல்லிணைப் பெட்டி. பரிமாற்றம் மட்டும் வேண்டாம். எஞ்சின் சக்கரத்துக்குத் திறனைக் கொடுக்கிறது. மாற்றாக எதையும் வாங்கிக்கொள்வதில்லை.

இனி கிளட்ச். பழைய ஆங்கிலத்தில் விரல்களை மடக்கி இறுகப் பற்றுவதைக் குறித்த வினையிலிருந்து வந்த சொல் இது. எஞ்சினோடு சுழலும் தட்டும் பெட்டியின் தட்டும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டால் திறன் போகும், விலகினால் நின்றுவிடும். நான் ஓட்டக் கற்றபோது பயிற்சியாளர் ஒரு நாளைக்கு நூறு தடவையாவது சொல்லியிருப்பார்: "தம்பி, கிளட்ச்சை மெதுவா விடுங்க, அது புடிக்கிறது கால்ல தெரியும்." எவ்வளவு துல்லியமான பேச்சு என்று அப்போது உறைக்கவில்லை. நாம் மிதித்தால் தட்டுகள் விட்டுவிடும். நாம் விட்டால் தட்டுகள் பிடித்துக்கொள்ளும். பைக்கில் 'கிளட்ச்சைப் பிடி' என்கிறோமே, அப்போது உள்ளே நடப்பது விடுதல். விடுவதும் பற்றுவதும் இப்படி மாறி மாறி நடப்பதால் 'விடுபற்றி' என்ற சொல் எனக்கு மிகவும் பிடிக்கும். ஆங்கிலச் சொல் பற்றுவதை மட்டும் சொல்கிறது. தமிழ்ச் சொல் இரண்டையும் சொல்கிறது.

ஆட்டோமேட்டிக் என்பது கிரேக்கச் சொல். ஹோமரின் இலியட்டில் தேவலோகத்துக் கதவுகள் தாமாகவே திறக்கும் இடத்திலும், கொல்லர் தெய்வமான ஹெஃபைஸ்டோஸ் செய்த முக்காலிகள் தாமாகவே நகர்ந்து சபைக்குப் போகும் இடத்திலும் இந்தச் சொல் வருகிறது. 'ஆட்டோ' என்றால் தான். பின்பாதியின் வேர் எண்ணுதல், நினைத்தல். சமஸ்கிருத 'மனஸ்' என்பதற்கும் அதே வேர்தான். தன் மனதால் நடப்பது என்று வைத்துக்கொள்ளலாம். தமிழில் 'தானியங்கி', இலங்கையில் 'தன்னியக்க' என்ற வடிவம் அதிகம் புழங்குகிறது. இரண்டும் நல்ல சொற்களே. ஆனால் 'தானியங்கிக் கார்' என்று எழுதுவதில் ஒரு சிக்கல் உண்டு. ஓட்டுநரே இல்லாமல் ஓடும் காருக்கும் இப்போது அந்தப் பெயர் வந்துவிட்டது. ஆகவே தானியங்குவது எது என்று சொல்லிவிட வேண்டும்: தானியங்கிப் பல்லிணைப் பெட்டி, அல்லது தன்னியக்கப் பல்லிணை. 'ஆட்டோ கார்' என்று சுருக்கினால் நம் ஊரில் மூன்று சக்கர வண்டிதான் நினைவுக்கு வரும்.

இன்னொரு பேச்சு வழக்கும் இருக்கிறது: 'கியர் இல்லாத வண்டி'. ஸ்கூட்டரில் படிப்படியான கியர்களுக்குப் பதில் பெல்ட்டும் கப்பியும் இருப்பதால் அங்கே அது ஓரளவு சரி. காருக்கு அதையே சொல்லும்போது தவறாகிறது. போர்ஷே நிறுவனம் தன் 911 ஸ்போர்ட்ஸ் கார் வரிசையில் 2021-இல் கொண்டுவந்த ஜிடி3 காரைப் பாருங்கள். கைமுறைப் பெட்டியில் 6 பல்லிணைகள், தானியங்கிப் பெட்டியில் 7. 'கியர் இல்லாத' காரில்தான் கியர் அதிகம்.

இந்த ஜிடி3-ஐ எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. ஸ்போர்ட்ஸ் காரில் கைமுறையா தானியங்கியா என்ற கேள்வி வேறெந்தக் காரையும் விட இதில்தான் தெளிவாகத் தெரிகிறது. இரண்டு பெட்டிகளுக்கும் ஒரே எஞ்சின்: 4 லிட்டர், நிமிடத்துக்கு 9,000 சுற்று வரை போகும். மணிக்கு 100 கி.மீ. வேகத்தைத் தொட தானியங்கிக்கு 3.4 விநாடி, கைமுறைக்கு 3.9 விநாடி. எடையில் கைமுறைக் கார் 17 கிலோ குறைவு: 1,418, 1,435. உச்ச வேகத்தில் கைமுறை 2 கி.மீ. கூடுதல்: 320, 318. கார்ப் பந்தயத்தில் அரை விநாடி என்பது பெரிய தூரம். தானியங்கி வேகமானது என்பதில் சந்தேகமே இல்லை.

எப்படி அந்த வேகம்? அந்தப் பெட்டிக்கு ஜெர்மன் மொழியில் 'டொப்பெல்குப்ளுங்ஸ்கெட்ரீபெ' என்று பெயர். போர்ஷே தன் பெயரை முன்னால் சேர்த்து வைத்த முழுப் பெயரின் சுருக்கம்தான் பிடிகே. 'டொப்பெல்' இரட்டை. 'குப்ளுங்' இணைப்பு, அதாவது கிளட்ச். 'கெட்ரீபெ' என்பது 'ட்ரைபன்' என்ற வினையிலிருந்து வந்தது. மாட்டை ஓட்டுவதற்கும் அவர்கள் அந்த வினையையே சொல்வார்கள். நாமும் மாட்டையும் ஓட்டுகிறோம், வண்டியையும் ஓட்டுகிறோம். தமிழைப் போலவே சொல்லோடு சொல்லை ஒட்டி நீட்டும் மொழி அது. தமிழில் 'இரட்டை விடுபற்றிப் பல்லிணைப் பெட்டி' என்று அச்சாக வந்துவிடும். உள்ளே ஒற்றைப்படைப் பல்லிணைகளுக்கு ஒரு விடுபற்றி, இரட்டைப்படைக்கு இன்னொன்று. மூன்றில் ஓடிக்கொண்டிருக்கும்போதே நான்கு கோத்து நிற்கும். மாற்ற வேண்டிய நொடியில் ஒரு விடுபற்றி விட, மற்றது பற்றுகிறது. இடையில் திறன் அறுபடுவதே இல்லை. 1980-களில் 956, 962 பந்தயக் கார்களில் சோதித்துப் பார்த்துவிட்டு, 2008-இல்தான் தெருவில் ஓடும் 911-க்கு இதைக் கொண்டுவந்தார்கள். வோக்ஸ்வாகன் அதற்கு முன்பே, 2003-இல், கோல்ஃப் ஆர்32 காரில் இத்தகைய பெட்டியை வைத்து விற்றுவிட்டது.

பழைய வகைத் தானியங்கி வேறு. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபீல் கார்களில் வைத்த ஹைட்ரா-மாட்டிக் பெட்டியில் கிளட்ச் தட்டின் வேலையை எண்ணெய் செய்தது. அந்த வகைப் பெட்டிகளின் மந்தமான போக்கைப் பார்த்துத்தான் 'தானியங்கி என்றால் ஸ்போர்ட்ஸ் காருக்கு ஆகாது' என்ற எண்ணம் பிறந்தது. இரட்டை விடுபற்றி வந்த பிறகு அந்த எண்ணத்துக்கு அடிப்படை இல்லை.

இங்கேதான் சொற்கள் நம்மைக் கொஞ்சம் ஏமாற்றுகின்றன. பிடிகே பெட்டியில் ஸ்டியரிங்குக்குப் பின்னால் இரண்டு துடுப்புகள் இருக்கும் (துடுப்பு என்பது படகுக்கும் உண்டு, அல்வா கிண்டவும் உண்டு, இந்தச் சிறு தகட்டுக்கும் பொருந்துகிறது). வலது துடுப்பை இழுத்தால் பல்லிணை ஏறும், இடதை இழுத்தால் இறங்கும். 1989-இல் ஃபெராரியின் 640 பந்தயக் காரில் அதன் வடிவமைப்பாளர் ஜான் பர்னார்ட் கொண்டுவந்த முறை இது. நைஜல் மான்செல் ஓட்டிய அந்தக் கார் பிரேசிலில் தன் முதல் பந்தயத்திலேயே வென்றது. இப்படித் துடுப்பை இழுத்து ஓட்டுபவர் எந்தப் பல்லிணை என்பதைத் தானேதான் முடிவு செய்கிறார், தன் கையால்தான் மாற்றுகிறார். கை என்ற சொல்லின்படி பார்த்தால் இதுவும் மேனுவல்தான்! ஆனாலும் யாரும் அப்படிச் சொல்வதில்லை.

போர்ஷேயே 1967-இல் ஸ்போர்டோமாட்டிக் என்று ஒரு பெட்டியை விற்றது. நான்கு பல்லிணைகள், வழக்கம்போல கையால் அசைக்கும் ஒரு கியர் தண்டு, ஆனால் கிளட்ச் மிதி கிடையாது. தண்டை அசைத்தாலே கிளட்ச் தானாக விட்டுவிடும். அதை ஓட்டியவரின் கைக்கு முழு வேலை இருந்தது. இடது காலுக்கு மட்டும் இல்லை.

நான் சொல்ல வருவது இதுதான். கைமுறை என்று பெயரில் கை இருந்தாலும், இன்றைய ஸ்போர்ட்ஸ் காரில் இரண்டு பெட்டிகளையும் பிரிப்பது இடது கால். விடுபற்றியை யார் இயக்குவது என்பதுதான் கேள்வி. பல்லிணையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இரண்டு காரிலும் ஓட்டுபவருக்கு உண்டு. தட்டுகள் உரசிப் பற்றும் அந்தக் கணம் ஒன்றில் காலுக்குத் தெரியும், மற்றதில் தெரியாது. வளைவுக்கு முன்னால் நான்கிலிருந்து மூன்றுக்கு இறங்கும்போது எஞ்சின் இன்னும் வேகமாகச் சுழல வேண்டும். பிரேக்கை மிதித்தபடியே அதே வலது காலின் ஓரத்தால் ஆக்சிலேட்டரைத் தட்டி, சுழற்சி ஏறிய நொடியில் இடது காலை எடுக்க வேண்டும். பொருந்தினால் கார் அசையாது. பொருந்தாவிட்டால் முதுகில் ஒரு குலுக்கல் வரும். ஜிடி3-இன் கைமுறைக் காரில் இந்தத் தட்டலைக் காரே பார்த்துக்கொள்ளும் வசதியும் இருக்கிறது; வேண்டாதவர்கள் அணைத்துவிடலாம்.

இந்த இடது கால் வேலைக்கு எவ்வளவு பேர் ஏங்குகிறார்கள் என்று போர்ஷேக்குத் தெரிய மூன்று ஆண்டு ஆனது. 2013-இல் வந்த முந்தைய தலைமுறை ஜிடி3-இல் பிடிகே மட்டும்தான் கொடுத்தார்கள். இரண்டு துடுப்புகளையும் சேர்த்து இழுத்தால் கிளட்ச் விட்டுவிடும் என்று ஓர் ஆறுதலும் வைத்தார்கள். அது பலருக்குப் போதவில்லை. 2016-இல் கைமுறைப் பெட்டி மட்டுமே கொண்ட 911 ஆர் காரை 991 எண்ணிக்கையில் செய்தார்கள். மறுவிற்பனையில் அதன் விலை எங்கேயோ போய்விட்டது. 2017-இல் ஜிடி3-க்கும் கைமுறைப் பெட்டி திரும்பி வந்தது.

அப்புறம் அவர்களே கேள்வியை இரண்டாகப் பிரித்துவிட்டார்கள். பந்தயத் தடத்துக்கான ஜிடி3 ஆர்எஸ், 2022: பிடிகே மட்டும், 100 கி.மீ. வேகத்துக்கு 3.2 விநாடி. சாலைக்கான 911 எஸ்/டி, 2023: ஆர்எஸ்-இன் அதே எஞ்சின், கைமுறை மட்டும், 3.7 விநாடி. முதல் 911 வந்த ஆண்டை நினைத்து இதை 1,963 கார்கள் என்று வரையறுத்தார்கள். கடிகாரத்தோடு போட்டி போடுகிறவருக்கு ஒன்று, மலைச் சாலையில் ஓட்டுவதற்காகவே ஓட்டுகிறவருக்கு மற்றொன்று. என்னைக் கேட்டால் இந்தப் பிரிவு நியாயமானது. அன்றாடம் நெரிசலில் போய்வர வேண்டிய ஒரே காராக ஸ்போர்ட்ஸ் காரை வாங்குபவருக்கு நான் பிடிகேதான் சொல்வேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் வெளியே எடுக்கப் போகிறவர் விடுபற்றியைத் தன் காலிலேயே வைத்துக்கொள்ளட்டும்.

பேசும்போது கியர், கிளட்ச் என்றே சொல்லலாம், அதில் குறையில்லை. 'கியர் போடு' என்பதே தமிழாகிவிட்டது. எழுதும்போது மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும். கைமுறையைச் சுருக்கிக் 'கைமாற்றுப் பெட்டி' என்று எழுதவும் கூடாது. கைமாற்று நமக்கு அவசரக் கடன். எஸ்/டி காரைப் பற்றி எழுதுவதானால் நான் இப்படி எழுதுவேன்: "ஆறு பல்லிணைகள் கொண்ட கைமுறைப் பெட்டி, ஒற்றை விடுபற்றி, மூன்று மிதிகள்."