நான்கு கொட்டைக்கு எத்தனை தடவை ஜெயிக்க வேண்டும்?

பெங்களூரு அல்சூரில் எங்கள் வீட்டு மொட்டைமாடிக்கு ஞாயிறு சாயங்காலம் சீட்டுக்கட்டு வந்துவிடும். பல வருஷமாக ரம்மி, இப்போது லிமிட் போக்கர். ஆளுக்கு இரண்டு சீட்டு கையில், எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு நடுவில்; இரண்டையும் சேர்த்து நல்ல ஐந்து யாரிடமோ அவருக்குக் குவியல். காசு கிடையாது, புளியங்கொட்டைதான். லிமிட் என்றால் பந்தயத்தின் அளவு முன்கூட்டியே முடிவானது. எங்களுக்கு முதல் இரண்டு சுற்றில் 2 கொட்டை, கடைசி இரண்டில் 4. ஏற்றினாலும் அந்த அளவில்தான் ஏற்ற முடியும். இருப்பது எல்லாவற்றையும் தள்ளி மிரட்ட வழியில்லை.

போன வாரம் என் கையில் ஸ்பேட் ஏஸும் டைமண்ட் ராஜாவும். முதல் சுற்றில் ஒரு தடவை ஏற்றி, மூன்று பேரும் தலா 4 வைத்தோம். நடுவில் ஆட்டின் (ஹார்ட்ஸ்) ஏஸ், ஆட்டின் 9, கிளாவர் 6 விழுந்தன. தலா 2 போட்டோம். நான்காவது சீட்டு டைமண்ட் 2. ஒருவர் விலக, நானும் எதிர்வீட்டு மாமாவும் தலா 4 வைத்தோம். குவியலில் 26. கடைசிச் சீட்டு ஆட்டின் 4. நான் 4 வைத்தேன். அதுவரை சும்மா கூடவே வந்துகொண்டிருந்த மாமா, நிதானமாக 8 கொட்டையை எண்ணித் தள்ளினார்.

“மாமா ஏத்திட்டாருன்னா ஆட்டின் சேர்ந்துடுச்சுன்னு அர்த்தம், சீட்டைப் போடுப்பா” என்றார் விலகியவர். நடுவில் மூன்று, கையில் இரண்டு என ஐந்தும் ஆட்டினாக இருந்தால் என் இரண்டு ஏஸ் தோற்றுவிடும். அவர் சொன்னது அநேகமாகச் சரிதான். ஆனால் நான் கேட்க வேண்டிய கேள்வி அது இல்லை. குவியலில் 38 இருக்கிறது. விலகாமல் அவர் சீட்டைப் பார்ப்பதற்கு நான் கொடுக்க வேண்டியது 4. அதாவது 42-ல் 4 பங்கு. நூற்றுக்குப் பத்து தடவைகூட நான் ஜெயிக்க வேண்டியதில்லை, போட்டது திரும்பிவிடும்.

சரி, அந்தப் பத்து எனக்கு இருக்கிறதா? எண்ணிப் பார்க்கலாம். நடுவில் இருக்கும் மூன்று போக மீதி ஆட்டின் 10. அதில் இரண்டிரண்டாக 45 சோடி. ஏஸும் 4-ம் (நடுவில் இருப்பதோடு இரண்டு ஜோடி) வைத்திருக்க 6 வழி, இரண்டு 4 (நடுவில் இருப்பதோடு மூன்று 4) வைத்திருக்க 3 வழி. ஆக, கடைசிச் சீட்டால் என்னை முந்தியிருக்கக்கூடிய முக்கியமான சோடிகள் 54. முன்பே என்னை வென்றிருந்தால் மாமா அப்போதே ஏற்றியிருப்பார் என்பதால் அவற்றையும், அபூர்வமானவற்றையும் விட்டுவிடுகிறேன். 54 தடவையும் நான் 4 இழந்தால் 216. ஒரு ஜெயத்துக்கு 38 வருகிறது. ஆறே ஆறு தோற்கும் சோடிகள் அவரிடம் இருக்க வாய்ப்பிருந்தால் கணக்கு என் பக்கம். ஏஸும் ராணியும் மட்டுமே 8 வழியில் வரும். அதை நம்பி மாமா ஏற்றக்கூடியவர் என்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். போதாததற்கு, ஆட்டின் 7-ம் 2-ம் போன்ற சோடிகளை அவர் முதல் சுற்றிலேயே கீழே போட்டுவிடுவார். அந்த 45 இன்னும் சுருங்கும்.

மறுபக்கம் இதைவிட அழகானது. கையில் ஒன்றுமே இல்லாமல் மாமா ஏற்றியிருந்தால், அவர் பணயம் வைப்பது 8, கிடைக்கக்கூடியது 30. ஐந்தில் ஒரு தடவைக்குச் சற்று மேலே நான் பயந்து விலகினாலே போதும், அவருடைய வெறும் மிரட்டல் லாபமாகிவிடும். மிரட்டல் என்பது குணம் அல்ல, கணக்கு என்பதைக் கணித மேதை ஜான் வான் நியூமன் கணிதமாக எழுதிக் காட்டினார். 1928-ல் அவர் நிறுவிய தேற்றத்திலிருந்து வளர்ந்ததுதான் இன்றைய ஆட்டக் கோட்பாடு.

கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் மைக்கேல் பௌலிங் குழு 2015-ல் வெளியிட்ட செஃபியஸ் என்ற கணினி நிரல் இருவர் ஆடும் லிமிட் போக்கரை ஏறக்குறைய முழுசாகத் தீர்த்தது. அதற்கு யாரும் தந்திரம் சொல்லித்தரவில்லை. தன்னோடு தானே ஆடியது. ஒவ்வொரு கட்டத்திலும் ‘வேறு மாதிரி ஆடியிருந்தால் எவ்வளவு கூட வந்திருக்கும்’ என்ற வருத்தத்தை எண்ணாகக் குறித்துக்கொண்டது, வருத்தம் அதிகமான வழியை அடுத்த முறை அதிகமாகத் தேர்ந்தது. 4,800 செயலிகள் இரண்டு மாதத்துக்கு மேல் இதையே செய்தன. நம் மூளையும் வருத்தப்படுகிறது, ஆனால் அளவு தப்பாக. ‘வீணாப் பார்த்தோமே’ என்று உறுத்தும் தவறுக்கு விலை 4. ஜெயிக்கிற சீட்டைக் கீழே போட்டால் போவது 38. அந்த இழப்பு கண்ணில் படுவதே இல்லை, எதிராளி சீட்டைக் காட்டமாட்டாரே!

நான் 4 கொட்டையை வைத்தேன். மாமா ஆட்டின் ஜாக்கியையும் ஆட்டின் பத்தையும் திருப்பிப் போட்டார். “சொன்னேனே” என்றார் விலகியவர். மாமா 42 கொட்டையையும் வாரிக்கொண்டு சீட்டைக் கலைக்க ஆரம்பித்தார்.