அறுபதைத் தாண்டியவருக்கு மண்பாதை பைக்: நிற்கும்போதுதான் சோதனை

காரைக்குடியைச் சுற்றி எந்தத் திசையில் போனாலும் தார்ச்சாலை விட்டு இறங்கினால் செம்மண்தான். கொஞ்ச தூரம் சரளை, அப்புறம் கண்மாய்க்கரை, அதையும் தாண்டினால் தைலமரக் காட்டுக்குள் போகிற வண்டித்தடம். தோட்டத்துக்கும் குலதெய்வக் கோயிலுக்கும் இந்த வழியில் போய்வருகிறவர்கள் பலர். ஓய்வுபெற்று ஊர் திரும்பியவர்களில் சிலர் இப்போது சாலையிலும் மண்ணிலும் ஓடக்கூடிய ‘டூயல் ஸ்போர்ட்’ வகை பைக் பார்க்கிறார்கள். அவர்கள் கடையில் கேட்கிற முதல் கேள்வி, “சீட்டு உயரம் எவ்வளவு?”

கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அந்த ஓர் எண்ணை மட்டும் நம்பி வண்டி எடுக்கக் கூடாது என்பதற்கு இயற்பியலில் காரணம் இருக்கிறது.

ஓடுகிற பைக் ஒரு பக்கம் சாய்ந்தால் அதன் முன்சக்கரம் தானாகவே அந்தப் பக்கம் திரும்பும். அதனால் டயர் தரையைத் தொடுகிற இடம் சாய்ந்த எடைக்குக் கீழே நகர்ந்து வந்து வண்டியை நிமிர்த்துகிறது. வேகம் குறையக் குறைய இந்தத் திருத்தம் வலுவிழக்கும். நடைவேகத்தில் பெரும்பகுதி வேலை ஓட்டுபவருடையது. வண்டி நின்றுவிட்டால் முழுவதும் அவர் காலில்தான்.

அந்தச் சுமையைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். வண்டியின் எடை 160 கிலோ, ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 55 செ.மீ. உயரத்தில் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் பக்கத்தில் நின்று, 1 மீட்டர் உயரத்தில் உள்ள ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கிறீர்கள். வண்டி 5 டிகிரி சாய்ந்தால் கையில் விழுவது சுமார் 8 கிலோ. 10 டிகிரியில் 15 கிலோ, 20 டிகிரியில் 30, 30 டிகிரியில் 44. மேலே உட்கார்ந்திருந்தால் உங்கள் உடல் எடையும் இதோடு சேரும். ஆக, சாய்வை எவ்வளவு சீக்கிரம் பிடித்து நிறுத்துகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பாதம் முழுதாகப் பதிந்தால் முதல் சில டிகிரிகளிலேயே பிடித்துவிடலாம். நுனிக்கால் மட்டும் தொட்டால், கால் கெட்டியாக ஊன்றுவதற்குள் சாய்வு கூடி, சுமை இரட்டிப்பாகியிருக்கும்.

இதில் வயதின் பங்கு பெரிது. முப்பதுக்குப் பிறகு பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை கரைகிறது. அறுபதுக்கு மேல் இன்னும் வேகமாக. அதிலும், பலம் குறைவதைவிட அந்தப் பலத்தைச் சட்டென்று காட்டும் திறன் முன்னதாகவே குறைகிறது. பைக் சாயும்போது நமக்குக் கிடைப்பது ஒரு நொடிக்கும் குறைவான அவகாசம். நெல்மூட்டையை நிதானமாகத் தூக்கிவிடுகிற பெரியவர்கூட இதில் தடுமாறுவது அதனால்தான்.

என் பெரியப்பாவுடன் ஒரு ஷோரூமுக்குப் போயிருந்தேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். இடது செருப்பின் முன்பாதி மட்டும் டைல்ஸைத் தொட்டது. குதிகால் இரண்டு விரற்கடை மேலே நின்றது. விற்பனை செய்கிற தம்பி, “எட்டுதே ஐயா” என்றான். பெரியப்பா கொஞ்ச நேரம் அப்படியே இருந்து பார்த்துவிட்டு, “எட்டுது தம்பி, ஊனத்தான் முடியல” என்றார். பிறகு சீட்டில் ஒரு சாண் முன்னால் நகர்ந்தார். குதிகால் தரையில் இறங்கியது.

முன்னால் சீட்டு குறுகலாக இருந்ததே காரணம். அகலமான சீட்டு தொடைகளை விரித்துவிடும்; காலின் நீளத்தில் ஒரு பகுதி பக்கவாட்டில் செலவாகிப்போகும். ஒரே உயரமுள்ள இரண்டு பைக்குகளில் ஒன்றில் கால் ஊன்றுவதும் மற்றதில் ஊன்றாததும் இதனால்தான். இன்னொன்று, நிறுவனங்கள் தருவது பெரும்பாலும் ஆள் ஏறாத நிலையில் எடுத்த அளவு. ஆள் உட்கார்ந்ததும் சஸ்பென்ஷன், அதாவது குலுக்கலைத் தாங்கும் ஸ்பிரிங் அமைப்பு, தன் மொத்த இயக்கத்தில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை அமுங்கும். மண்பாதை பைக்கில் அந்த இயக்கம் நீளம் என்பதால் நாலைந்து செ.மீ. இறங்கிவிடலாம். ஒல்லியானவர் ஏறினால் அவ்வளவு இறங்காது. 55 கிலோ எடையுள்ளவர் பக்கத்து வீட்டுக்காரரின் அனுபவத்தை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

இப்போது எண்களுக்கு வருவோம். ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 ஃபோர்-வால்வ் வண்டியின் சீட்டு 825 மி.மீ., எடை சுமார் 159 கிலோ. 2023 வரை விற்ற ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411-இன் சீட்டு 800 மி.மீ., எடை 199 கிலோ. உயரத்தை மட்டும் பார்த்தால் ஹிமாலயன்தான் வயதானவருக்கு ஏற்றது என்று தோன்றும். 25 மி.மீ. மிச்சம், ஆனால் 40 கிலோ கூடுதல். ஆளே இல்லாத இடத்தில் வண்டி சாய்ந்து படுத்துவிட்டால், தூக்கத் தொடங்கும்போது ஏறக்குறைய அதன் பாதி எடை கைக்கு வரும். ஒன்றில் 80 கிலோ, மற்றொன்றில் 100. கால் ஓரளவு ஊன்ற முடிகிறவருக்கு நான் எடை குறைந்ததைத்தான் சொல்வேன். கவாசாகி கேஎல்எக்ஸ் 230 எடையில் 139 கிலோதான். சீட்டோ 880 மி.மீ. நம் ஊர்ப் பெரியவர்களில் பலருக்கு அது ஒத்துவராது. யமஹா டிடபிள்யூ 200 என்று அமெரிக்காவில் 1987 முதல் விற்கிற வண்டி இந்த வேலைக்கென்றே செய்ததுபோல இருக்கும்: சீட்டு சுமார் 790 மி.மீ., எடை 126 கிலோ, தடித்த டயர்கள். இந்தியாவில் அது விற்பனைக்கு இல்லை என்பதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம். தோட்டத்துக்குப் போய்வந்தால் போதும் என்பவருக்கு 90 கிலோவுக்கும் குறைவான டிவிஎஸ் எக்ஸ்எல் 100 போதும். அதில் காலைத் தூக்கிப் போட வேண்டிய அவசியமே இல்லை, வேட்டிக்கும் சௌகரியம்.

பிடித்த வண்டி உயரமாக இருந்தால் இறக்கிக்கொள்ளலாம். சீட்டு ஃபோமைச் செதுக்குவது எளிய வழி. உயரத்தைக் குறைப்பதைவிட முன்பகுதியின் இரு ஓரங்களையும் சீவி ஒடுக்குவது நல்ல பலன் தரும். உட்காரும் இடத்தில் மெத்தையும் மிஞ்சும். அடுத்தது, பின் சஸ்பென்ஷனில் நீளம் மாற்றிய இணைப்புத் தகடுகளைப் போடுவது. இதில் கவனம் வேண்டும். பின்பக்கம் மட்டும் இறங்கினால் முன்ஃபோர்க் (முன்சக்கரத்தைத் தாங்கும் இரட்டைக் குழாய்) இன்னும் சாய்ந்து, ஹேண்டில் மந்தமாகும். ஹெட்லைட் வானத்தைப் பார்க்கும். ஆகவே முன்ஃபோர்க்கையும் அதைப் பிடித்திருக்கும் கிளாம்பில் மேலேற்றி, முன்பக்கத்தையும் இறக்கி ஈடுகட்ட வேண்டும். பலர் மறப்பது சைடு ஸ்டாண்டை. வண்டி இறங்கியபின் பழைய ஸ்டாண்டு அதை ஏறக்குறைய நேராக நிறுத்தும். லேசாக எதிர்ப்பக்கம் சரிந்தாலே விழுந்துவிடும். ஸ்டாண்டையும் அதற்கேற்ப வெட்டிச் சுருக்க வேண்டும். அடிப்பக்க இடைவெளி குறைவது இதற்கெல்லாம் கொடுக்கிற விலை. நம் பக்கத்துத் தடங்களில் பாறை குறைவு, சரளைதான் அதிகம் என்பதால் 2 செ.மீ. இழப்பது பெரிய குறையில்லை.

சக்கரம் பெரிதாக இருந்தால் மேட்டில் எளிதாக ஏறும். 10 செ.மீ. படியில் ஏற 17 அங்குல முன்சக்கரத்துக்கு 21 அங்குலத்தைவிட சுமார் 15 சதவீதம் அதிக உந்துவிசை தேவை. ஆனால் சீமைக்கருவேல முள் நிறைந்த ஊரில் டியூப்லெஸ் டயரா என்று பார்ப்பதை அதைவிட முக்கியமாக நினைக்கிறேன். டியூப் டயர் பஞ்சரானால் சக்கரத்தைக் கழற்ற வேண்டும்; அந்த வெயிலில் தனியாக அது நடக்காது.

ஷோரூமின் சமதளத்தில் உட்கார்ந்து பார்த்து முடிவெடுக்காதீர்கள். வண்டித்தடத்தில் டயர் நடுத்திட்டில் நிற்கும்; கால் இறங்குவது பக்கத்துப் பள்ளத்தில். 825 மி.மீ. சீட்டு அங்கே 900 ஆகிவிடும். சோதனை ஓட்டத்தின்போது சாலையோரம் மண் சரிந்த இடமாகப் பார்த்து நிறுத்தி, வழக்கமாகப் போடும் செருப்போடு இரண்டு பக்கமும் கால் ஊன்றிப் பாருங்கள். இறங்கி, பத்தடி பின்னால் தள்ளுங்கள். சைடு ஸ்டாண்டிலிருந்து நிமிர்த்துங்கள். டேங்க்கில் எவ்வளவு பெட்ரோல் இருக்கிறது என்றும் கேளுங்கள்: 13 லிட்டர் நிரம்பினால் அதுவே பத்து கிலோவுக்குச் சற்றுக் குறைவு, அதுவும் வண்டியின் உச்சியில். காரைக்குடிக்கும் தோட்டத்துக்கும் இடையே ஓடுகிற வண்டிக்குப் பாதி டேங்க் போதும்.