முப்பத்தொரு ஒன்றுகள்

2,14,74,83,647. வாய்விட்டுப் படித்தால் இருநூற்றுப் பதினான்கு கோடியே எழுபத்து நான்கு லட்சத்து எண்பத்து மூவாயிரத்து அறுநூற்று நாற்பத்தேழு. பார்வைக்கு ஒழுங்கு எதுவும் தெரியாது. இதையே 0, 1 மட்டும் உள்ள இரும முறையில் எழுதினால் 31 ஒன்றுகள் வரிசையாக நிற்கும். நடுவில் ஒரு பூஜ்யம்கூடக் கிடையாது. முப்பத்தொரு இரண்டுகளைப் பெருக்கி, அதில் ஒன்றைக் கழித்தால் கிடைக்கிற எண் இது.

ஒன்றுகளின் எண்ணிக்கை பகு எண் என்றால் இப்படிப்பட்ட எண் உடைந்துவிடும். 111111-ஐ மும்மூன்றாகப் பிரியுங்கள்: 111, 111. அதனால் 111 அதை மீதியின்றி வகுக்கும். நம் வழக்கத்தில் சொன்னால், 63 ஏழால் வகுபடுகிறது. 31 பகா எண், அதை இப்படிச் சம துண்டுகளாக்க முடியாது. சரி, இந்த எண்ணே பகா எண் என்று சொல்ல அது போதுமா? போதாது. 11 ஒன்றுகள் கொண்ட எண் 2047. அது 23 × 89. எத்தனை ஒன்றுகள் நின்றால் பகா எண் வரும் என்று பிரெஞ்சுத் துறவி மெர்சென் 1644-இல் தந்த பட்டியலில் 31 சரியாக இருந்தது, 67 தவறாக இருந்தது. ஆனாலும் இவ்வகைப் பகா எண்களுக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது.

31 ஒன்றுகள் கொண்ட நம் எண் பகா எண்தான் என்று 1772-இல் நிரூபித்தவர் கணித மேதை ஆய்லர், பார்வை அநேகமாகப் போய்விட்டிருந்த காலத்தில். நேர்வழி என்றால், வர்க்கமூலமான 46,340 வரையுள்ள பகா எண்களால் ஒவ்வொன்றாக வகுத்துப் பார்க்க வேண்டும். அவை நாலாயிரத்துக்கும் மேல். ஆய்லர் முதலில் ஆட்களை வடிகட்டினார். மறுபடி 2047-க்கு வாருங்கள். 23, 89 இரண்டையும் 11-இன் இருமடங்கான 22-ஆல் வகுத்தால் மீதி 1. எட்டால் வகுத்தால் மீதி 7 அல்லது 1. இது தற்செயல் இல்லை, ஒன்றுகளின் எண்ணிக்கை ஒற்றைப்படைப் பகா எண்ணாக இருந்தால், பகாக் காரணிகள் எல்லாவற்றுக்கும் பொருந்தும் விதி. 31-க்கு அதைப் போட்டால், காரணியை 248-ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63 வரவேண்டும். 46,340-க்குள் அப்படி இருப்பவை 370 சொச்சம். அவற்றிலும் பகா எண்களைச் சோதித்தால் போதும். ஒன்றுகூட வகுக்கவில்லை.

நம் எண்ணை முப்பது இரண்டுகளின் பெருக்கத்தால் பெருக்கினால் ஒரு செவ்விய எண் வரும். 28-ஐப் போல, தன்னைத் தவிர்த்த காரணிகளைக் கூட்டினால் தானே திரும்பக் கிடைக்கும் எண். இதைவிடப் பெரிய செவ்விய எண்ணை எவரும் தேடவே போவதில்லை, பயனில்லாத வேடிக்கைதானே என்று 1811-இல் ஆங்கிலேயக் கணிதவியலர் பீட்டர் பார்லோ எழுதினார். பாவம், மனிதர்களின் பிடிவாதத்தை அவர் குறைத்து எடைபோட்டுவிட்டார்!

கணினிக்கு இந்த எண் பகா எண்ணா என்பதில் அக்கறையில்லை. அதற்கு வேண்டியது அந்த 31 ஒன்றுகள்தான். 32 பிட் இடத்தில், அதாவது 0 அல்லது 1 நிற்கும் 32 கட்டங்களில், ஒன்றைக் கூட்டல் கழித்தல் குறிக்கு ஒதுக்கினால் மிச்சம் 31; எல்லாம் ஒன்றானால் அதுவே உச்சம். யுனிக்ஸ் என்ற இயங்குதளத்தின் பழைய அமைப்புகள் 1970 ஜனவரி 1 முதல் விநாடிகளை இப்படித்தான் எண்ணுகின்றன. 2038 ஜனவரி 19, இந்திய நேரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7 விநாடிக்கு அந்த இடம் நிரம்பிவிடும். திருத்தப்படாத கணினியில் அடுத்த விநாடி குறி இடம் 1 ஆகும், எண் எதிர்மறையின் அடிமட்டத்துக்குப் போகும், தேதி 1901 டிசம்பர் என்று காட்டும்.