விஷம் இல்லை என்று அறிக்கை சொன்னால்

'விஷம் எதுவும் கண்டறியப்படவில்லை' என்று ஆய்வறிக்கையில் ஒரு வரி இருந்தால், பெரும்பாலானோர் அதோடு பேச்சை முடித்துக்கொள்கிறார்கள். சந்தேகம் வீண் என்று குடும்பமும் ஏற்றுக்கொள்கிறது. தடய நச்சியல் ஆய்வகத்தில், அதாவது வழக்குகளுக்காக உடல் மாதிரிகளில் விஷத்தைத் தேடும் இடத்தில், வேலை பார்க்கும் எனக்கு இது உறுத்திக்கொண்டே இருக்கிறது. எங்களிடம் வந்த மாதிரியில், நாங்கள் தேடிய பொருட்கள், கருவிக்குத் தெரியும் அளவில் இல்லை. அவ்வளவுதான் அந்த வரி சொல்வது. எந்த மாதிரி வந்தது, எப்போது எடுத்தார்கள், எதைத் தேடச் சொன்னார்கள் என்று கேட்காமல் அதைப் படிக்கக்கூடாது.

ஒரு சொட்டு ரத்தத்தை வைத்தவுடன் எல்லா விஷங்களின் பெயரையும் திரையில் காட்டும் கருவி எங்கும் கிடையாது. மது, மெத்தனால் போன்ற ஆவியாகும் பொருட்களுக்கு, மாதிரியை மூடிய குப்பியில் சூடாக்கி, மேலே சேரும் ஆவியை, கலவையைத் தனித்தனிப் பொருட்களாகப் பிரிக்கும் வாயு குரோமட்டோகிராபிக்கு அனுப்புகிறோம். ஆர்சனிக், தாலியம் என்றால் தனிமங்களை அளக்கும் வேறு கருவி. கார்பன் மோனாக்சைடு ஹீமோகுளோபினோடு ஒட்டிக்கொள்வதால், ரத்தம் ஒளியை உறிஞ்சும் விதத்தைக் கொண்டே பிடித்துவிடலாம். ஆர்கனோபாஸ்பேட் பூச்சிக்கொல்லியில், விஷத்தைத் தேடுவதோடு, அது முடக்கிப்போடும் கோலினெஸ்டரேஸ் நொதி எவ்வளவு மிச்சமாக வேலை செய்கிறது என்றும் பார்ப்போம். மாத்திரைகளையும் போதைப்பொருட்களையும் ரத்தத்திலிருந்தோ கல்லீரலிலிருந்தோ கரைப்பானால் இழுத்தெடுத்து, ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்து, மூலக்கூறுகளை அவற்றின் நிறையைக் கொண்டு இனம்காணும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் அடையாளம் காண்கிறோம்.

அப்படி இழுத்தெடுக்க வழி காட்டியவர் பெல்ஜிய வேதியியலாளர் ழான் ஸ்டாஸ். அவர் காலம் வரை ஆர்சனிக் மாதிரியான விஷங்களைத்தான் உடலுக்குள் பிடிக்க முடிந்தது. செடியிலிருந்து வரும் விஷம் திசுவோடு கலந்துவிட்டால் பிரிக்கவே முடியாது என்று எண்ணியிருந்தார்கள். 1850இல் நிக்கோட்டினால் கொல்லப்பட்ட ஒருவரின் உறுப்புகளிலிருந்து அந்த விஷத்தை ஸ்டாஸ் பிரித்தெடுத்துக் காட்டினார். கரைசலை அமிலமாகவும் காரமாகவும் மாற்றி, விஷத்தைக் கரைப்பானுக்குள் வரவைக்கும் அவருடைய உத்திதான் இன்றைக்கும் எங்கள் வேலைக்கு அடிப்படை.

ஆனால் எதைத் தேடுவது என்று முடிவெடுக்க, சம்பவ இடத்துத் தகவல் வேண்டும். 1957இல் இங்கிலாந்தில் நடந்த கென்னத் பார்லோ வழக்கு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. செவிலியரான அவர், மனைவி குளியல் தொட்டியில் மூழ்கிவிட்டதாகச் சொன்னார். வழக்கமான விஷச் சோதனைகளில் ஒன்றும் சிக்கவில்லை. கண்மணிகள் விரிந்திருந்ததையும், இறந்தவரின் இரவு உடை வியர்வையில் நனைந்து கிடந்ததையும் கவனித்தவர்கள் விடவில்லை; ரத்தச் சர்க்கரை மிகவும் குறைந்தால் இப்படி ஆகும். உருப்பெருக்கியோடு தோலை அங்குலம் அங்குலமாகத் தேடி, பிட்டத்தில் ஊசித் தடங்களைக் கண்டுபிடித்தார்கள். அந்த இடத்துத் திசுவின் சாற்றை எலிகளுக்குச் செலுத்தியபோது, அது சர்க்கரையைக் குறைக்கும் இன்சுலின் என்று தெரிந்தது. பார்லோவுக்குத் தண்டனை கிடைத்தது. அந்த நனைந்த துணியை யாராவது துவைத்துப்போட்டிருந்தால், இன்சுலினைத் தேட வேண்டும் என்று யாருக்குத் தோன்றியிருக்கும்?

இதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு: இல்லாததை இருக்கிறது என்று சொல்லிவிடுவது. சிறுநீரில் நனைத்துப் பார்க்கும் பட்டைகள் மூலக்கூறின் சாயலுக்கே நிறம் மாறும். மூக்கடைப்புக்குச் சாப்பிடும் சூடோஎபெட்ரின் சில பட்டைகளில் ஆம்பெட்டமின் என்ற போதைப்பொருள் போலத் தெரியும். பட்டை காட்டியதை மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் உறுதிசெய்யாமல் ஒருவரை வேலையை விட்டு நீக்குவது, என்னைக் கேட்டால், அநியாயம். உறுதிசெய்த பிறகும் யோசிக்க வேண்டிய இடங்கள் இருக்கின்றன. கசகசா அபினிச் செடியின் விதை என்பதால், அதைச் சாப்பிட்டவரின் சிறுநீரில் நிஜமாகவே மார்பின் இருக்கும். ஹெராயினிலிருந்து மட்டும் உருவாகும் 6-மோனோஅசிட்டைல்மார்பின் இருக்கிறதா என்று அப்போது தேடுவோம்.

இறந்த உடலில் சிக்கல் இன்னும் கூடுகிறது. சில மருந்துகள், உதாரணமாக இதயத்துக்குக் கொடுக்கும் டிஜாக்சின், இறந்த பிறகு திசுக்களிலிருந்து கசிந்து இதய ரத்தத்தில் ஏறிவிடும். சரியான அளவில் சாப்பிட்டவரே அதிகமாகச் சாப்பிட்டது போலத் தோன்றும். அதனால்தான் இதயத்திலிருந்து தள்ளியிருக்கும் தொடை நாளத்து ரத்தத்தைக் கேட்கிறோம். அழுகத் தொடங்கிய உடலில் நுண்ணுயிரிகள் தாமாகவே ஆல்கஹாலை உண்டாக்கும். ஒருநாளும் குடிக்காதவரைக் குடித்திருந்தார் என்று சொல்லிவிடாமல் இருக்க, கண்ணுக்குள் இருக்கும் திரவத்தையும் சேர்த்துப் பார்க்கிறோம். அங்கே நுண்ணுயிரிகள் தாமதமாகத்தான் போகும். ரத்தக் குப்பியில் நுண்ணுயிரிகளைத் தடுக்கும் சோடியம் புளோரைடு சேர்ப்பதும் இதற்காகத்தான். ரத்தத்தில் இருந்த அளவை மட்டும் வைத்து மரணக் காரணத்தைச் சொல்லவும் முடியாது. நீண்ட காலம் ஓபியாய்டு (மார்பின் வகை) வலிமருந்து எடுப்பவர் தாங்கும் அளவு, புதிதாக எடுப்பவரின் மூச்சை நிறுத்திவிடும்.

சரி, ஆய்வகத்துக்கு வெளியே இருப்பவர்கள் என்ன செய்யலாம்? நிறையவே செய்யலாம். பானத்தில் ஏதோ கலந்திருக்கிறார்கள் என்று சந்தேகம் வந்தால் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். ஜிஹெச்பி போன்ற மயக்க மருந்து சிறுநீரில் சுமார் 12 மணி நேரம்தான் தெரியும், ரத்தத்தில் அதற்கும் குறைவு. மருத்துவமனை போகும்வரை அடக்க முடியாவிட்டால், முதல் சிறுநீரைச் சுத்தமான மூடியுள்ள பாட்டிலில் பிடித்துக்கொண்டு போங்கள். நாள் கடந்துவிட்டாலும் சில மருந்துகளை முடியில் தேடலாம். முடி மாதத்துக்கு ஏறக்குறைய 1 செ.மீ. வளர்வதால், எந்த மாதத்தில் உள்ளே போனது என்று ஓரளவு சொல்ல முடியும். எந்த நாள் என்று சொல்ல முடியாது.

யாராவது விஷம் சாப்பிட்டதாகத் தெரிந்தால், முதலில் அவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். வாந்தியைக் கழுவிவிடாதீர்கள். பாட்டில், மாத்திரை அட்டை, டம்ளர் எல்லாவற்றையும் தனித்தனியாக எடுத்துவையுங்கள். அவர் வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகளையும் நாட்டு மருந்தையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

சேர்த்தவுடன் எடுத்த முதல் ரத்தம்தான் எங்களுக்கு மிக முக்கியம். குளுக்கோஸும் சிகிச்சை மருந்துகளும் ஏறுவதற்கு முன்னால் உடலில் என்ன இருந்தது என்று அது ஒன்றுதான் சொல்லும். நோயாளி சில நாள் கழித்து இறந்துவிட்டால், அதற்குள் விஷம் உடலை விட்டு வெளியேறியிருக்கலாம்; அந்தக் குப்பியையும் மருத்துவமனை வழக்கப்படி அப்புறப்படுத்தியிருப்பார்கள். அதனால் சேர்த்த அன்றைக்கே, முதல் ரத்தத்தையும் சிறுநீரையும் அப்புறப்படுத்தாமல் குளிரில் பத்திரப்படுத்தச் சொல்லி மருத்துவரிடம் எழுத்துமூலம் கேளுங்கள்.